அப்பாவையே கேளுங்கள்

இதயக் குழாய்களைப் படமெடுக்கும் கேத் லேப் வாசலில் அம்மா இருந்தார், அக்கா இருந்தாள். நான் இல்லை, டப்ளினில் இருந்தேன், அக்காவின் கைபேசித் திரைக்குள். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா விழித்தபடிதான் படுத்திருந்தார். அவரையும் இல்லாதவராகவே வைத்துப் பேசினார்கள்.

“ஆஞ்சியோவுல ஒரு அடைப்பு தெரியுது. ஸ்டென்ட் வெச்சிடலாம். கையெழுத்து போடுங்கம்மா” என்றார் டாக்டர்.

டப்ளினுக்கு வந்த புதிதில் எனக்கும் நெஞ்சு வலித்தது. ஸ்கேன் முடிந்ததும் டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பி, “லேசான படிவுதான். இப்போதே மாத்திரை தொடங்கலாம், கொஞ்ச நாள் பார்க்கவும் செய்யலாம். உங்களுக்கு எது சரி?” என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பாவம், தொழில் தெரியாதவர் போலிருக்கிறது என்று நினைத்து, வரவேற்பறைக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். “அவர்தான் பெரிய டாக்டர்” என்றார்கள்.

வடசென்னை எர்ணாவூரில் வளர்ந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். எங்களிடம் டாக்டர் சொல்வார், கேட்கமாட்டார். அந்த டாக்டர்களுக்குத் தொழில் தெரியாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே தெரியும். லாரி ஓட்டும் அப்பாவைப் பார்த்ததும், இந்த லாரிக்காரனுக்கு என்ன புரியப்போகிறது என்று வரும் நினைப்பில்தான் எனக்குச் சண்டை.

“ம்மா, கையெழுத்து போடாத. அப்பாவ கேட்டாங்களா?”

“படுத்துகினு கீற மனுசன இன்னாடா கேக்குறது?”

டாக்டர் திரையை எட்டிப் பார்த்தார். “தம்பி, நீங்க டாக்டரா?”

“இல்ல சார். அவர் மகன். அவர் முழிச்சுத்தானே இருக்கார்? அவரையே கேளுங்க.”

“பயந்துடுவார்ப்பா.”

“புயல்லயும் ஹார்பருக்கு லாரி ஓட்டினவர் சார். பயப்படமாட்டார்.”

டாக்டரின் முகம் இறுகியது. ஆனாலும் கைபேசியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடிக்கு இப்பால் நின்று மைக்கில் சொன்னார்: இன்றைக்கே உயிருக்கு ஆபத்தில்லை, மாத்திரையிலும் பார்க்கலாம், ஸ்டென்ட் வைத்தால் வலி சீக்கிரம் குறையலாம், ஆனால் வைத்த பிறகும் மாத்திரை சாப்பிடவேண்டும்.

மாத்திரை போதும் என்று அப்பா சொல்வார் என்றே காத்திருந்தேன்.

“வெச்சிடு சார். தார்ப்பாய் இழுத்துக் கட்டசொல்ல நெஞ்சப் புடிக்குது. லோடு ஏத்துற பசங்க முன்னாடி ஓரமா குந்த பேஜாரா கீது.”

டாக்டர் வெளியே வந்து அப்பா சொன்னதைச் சொல்லிக் கைபேசியைத் தந்ததும் அக்கா வெடித்தாள். “இதத்தானே டாக்டரும் சொன்னாரு? இதுக்கா இம்மாம் சவுண்டு வுட்ட?”

இதற்குத்தான். இன்னொரு முறை வந்தாலும் இதையேதான் செய்வேன்.

அந்த ஆஞ்சியோ வீடியோவை அக்கா அனுப்பிவைத்தாள். டப்ளின் மழையில் ஜன்னல் மங்கும்போது, என் மடிக்கணினியில் அப்பாவின் இதயம் துடிக்கிறது. அதன் சொந்தக்காரர் எண்ணூர் ரோட்டில், லாரி வரிசையில் நின்றுகொண்டிருப்பார். ஸ்டென்ட் வைத்த பில்லில் பஞ்சுக்கும் கையுறைக்கும்கூடத் தனித்தனியாகத் தொகை போட்டிருந்தது. அப்பாவைக் கேட்டதற்கு மட்டும் எதுவும் போடவில்லை. மொத்தம் ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம் ரூபாய்.