தொடக் கூடாத வரி

அலுவலகத்தில் அவளுக்கு அடாவடி என்று பெயர். வைத்தவர் வேறு யாருமில்லை, அக்காவின் கணவர்தான். வீட்டில் அத்தான், இங்கே மேலாளர். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே, அதை மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லிக்காட்டுபவரும் அவரே.

ஆம்புலன்ஸ் அழைப்புகளை வாங்கி அனுப்பும் புரோகிராம் அவர்களுடையது. அழைப்பவர் விவரம் கசியாமல் குறியாக்கம் செய்வது லைப்ரரி எனப்படும், யாரோ எழுதிவைத்த ஒரு பழைய நிரல் தொகுப்பு. அழைப்புகள் குவிந்தால் ஒவ்வொன்றையும் கவனிக்க த்ரெட் என்கிற தனி இழை ஒன்று கிளம்பி, எல்லாம் ஒரே நேரத்தில் லைப்ரரிக்குள் முட்டிமோதும். ஒன்று முடிக்கும்வரை மற்றவை காத்திருக்கப் பூட்டு வேண்டும். அந்த லைப்ரரி தானாகப் பூட்டாது. பூட்டித் திறக்கும் சிறு நிரலை, அதாவது ஃபங்ஷனை, நாம்தான் எழுதித் தரவேண்டும். ஒருவரும் தரவில்லை. புரோகிராம் நினைத்தபோதெல்லாம் படுத்துக்கொண்டது.

காரணம் தேடுவதற்காக அத்தான் ஒரு வரி சேர்த்தார். த்ரெட் உள்ளே நுழையும்போது நேரத்தை அச்சிடும் வரி, அவ்வளவுதான். அதன்பின் புரோகிராம் விழவே இல்லை! 'இந்த வரியைத் தொடாதே' என்று மேலே எழுதிவைத்துவிட்டு எல்லோரும் நிம்மதியானார்கள். நிம்மதியாவது மண்ணாவது! அச்சிடும் தாமதத்தில் மோதல் தள்ளிப்போகிறதே தவிர, தீரவில்லை. அவள் எடுத்துச் சொன்னாள்.

"வந்துட்டா பெரிய இவ" என்றார் அத்தான்.

புரோகிராமை வாங்கவிருந்த ஆம்புலன்ஸ் நிலையத்துத் தலைவி பார்வையிட வந்தார். எல்லோர் முன்னாலும் அடாவடி அந்த வரியை அழித்துவிட்டு ஓட்டினாள். புரோகிராம் பொத்தென்று விழுந்தது.

அத்தானுக்கு முகம் சிவந்தது. "உனக்கு என்ன கேடு வந்துச்சு? எழுந்து வெளியே போ!"

"போக மாட்டேன். இவங்க இதை இப்படியே வாங்கிட்டுப் போனா, கூட்டம் கூடுற அன்னைக்குத்தான் விழும். உங்க பாப்பாவுக்கு மூச்சுத் திணறினா அக்கா எந்த நம்பருக்குக் கூப்பிடுவா? சொல்லுங்க."

தலைவி நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ எழுதும்மா, நான் இருக்கேன்."

அவள் பூட்டுகளை எழுதினாள். அந்த வரி இல்லாமலே ஓட்டினாள். அழைப்புகளைக் கொட்டு கொட்டென்று கொட்டியும் புரோகிராம் விழவில்லை. பிறகு கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அத்தான் முன்னால் வைத்தாள்.

"சார், வேலை முடிஞ்சது, நான் போறேன். ஞாயித்துக்கிழமை பாப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வருவேன். அங்கே நீங்க எனக்கு அத்தான். வாசல்ல நின்னு வாம்மான்னு கூப்பிடணும்."