தாங்க் யூ வந்தால் முடிந்தது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை மறைக்க வேண்டிய அவசியமும் இப்போது இல்லை. விழுப்புரத்தில் நான் இருக்கிற வீட்டில் கோபப்படக்கூட ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு டம்ளர் அரிசி வடித்தால் பாதி மிஞ்சுகிறது. போன ஞாயிறு மதியம் பொழுது போகாமல் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பழைய விளையாட்டு அகப்பட்டது. தொப்பி போட்ட குள்ளன் ஓடுவான், தாவுவான், ஆமையை மிதிப்பான், செங்கல்லைத் தலையால் முட்டி உடைப்பான்.

திண்டிவனத்தில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா பாண்டியிலிருந்து டிவி கேம் வாங்கிவந்தார். அதில் இந்த ஆட்டம்தான் எனக்கும் தம்பிக்கும் உயிர். என் குள்ளன் செத்தால் அவன் முறை, அவன் குள்ளன் செத்தால் என் முறை. நாலாவது கட்டத்தில் ஒரு கோட்டை வரும். அங்கே நெருப்பைத் துப்புகிற பூதத்தைத் தாண்டிவிட்டால் திரையில் இங்கிலீஷ் எழுத்து தெரியும். எழுத்துக் கூட்டிப் படிப்பது நான். முதல் இரண்டு வார்த்தைக்கு மேல் எனக்கும் ஓடாது.

"தாங்க் யூன்னா நன்றி. நன்றி வணக்கம் போட்டா இன்னா அர்த்தம்? முடிஞ்சிடுச்சி. நாம ஜெயிச்சிட்டோம்டா!"

சினிமாவிலும் பள்ளிக்கூட விழாவிலும் அப்படித்தானே? அக்கா சொன்னால் சொன்னதுதான். தம்பி ஓடிப்போய் சுவிட்சை அணைப்பான். நான் கூடம் முழுக்கக் குதிப்பேன்.

அன்றைக்கு என் விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரே பள்ளத்தில் ஏழெட்டு முறை விழுந்தேன். கடைசியில் எப்படியோ பூதத்தைத் தாண்டினேன். அணைக்க யாரும் இல்லாததால் எழுத்து முழுசாக நின்றது. நாங்கள் தேடி வந்த இளவரசி இங்கே இல்லையாம், வேறு கோட்டையில் இருக்கிறாளாம். அடுத்த நொடி புதுசாக ஒரு கட்டம் திறந்துகொண்டது. அடக் கடவுளே! இத்தனை வருஷமாக நாங்கள் ஜெயிக்கவே இல்லை.

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் வீடு வெறிச்சென்று இருந்தது. இதைச் சொன்னால் புரிந்துகொள்ள உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அவனோடு எனக்குப் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகிறது.

அம்மாவின் கருமாதிப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில், என்னை எப்போதோ விட்டுப்போனவன் பெயரையும் மருமகன் என்று தம்பி போட்டிருந்தான். "ஊர் வழக்கம்க்கா" என்றான். சொந்தக்காரர்கள் முன்னால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அதற்கப்புறம் அவன் எத்தனையோ தடவை கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை.

இப்போது நான் கூப்பிட்டால் எடுப்பானா? எடுக்காவிட்டால் இனி யாரிடம் போவேன்? ஆனாலும் கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தான். "சொல்லுக்கா."

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. "டேய், தாங்க் யூவுக்கு அப்புறமும் ஆட்டம் இருக்குதுடா!" என்றேன்.

"தெரியும்க்கா. பக்கத்துத் தெருவுல ஒருத்தன் ஊட்ல அப்பவே ஆடிக்கினு இருந்தேன்."

"அடப்பாவி! ஏன்டா சொல்லல?"

"மேல போனா ரொம்பக் கஷ்டம்க்கா. நீ தோத்துடுவ. தோத்தா ரெண்டு நாளைக்கு எங்கிட்ட பேச மாட்ட. அது எனக்குப் பெரிய பேஜாரு. அதான் ஜல்தியா ஆப் பண்ணிடுவேன்."

இரண்டு நாள் தாங்காதவனை மூன்று வருஷம் போட்டு வதைத்திருக்கிறேன், பாவி.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்டா," என்றேன். "வெச்சிடாத."