வழி தெரிந்த அண்ணை

எண்பத்தைந்தாம் ஆண்டுக் கோடையில், டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஈழத்து அண்ணை ஒருவருடன் நோர்வேயின் மலைத் தேசியப் பூங்காவுக்குப் போனேன். நான்கு நாள் நடை. இரவில் மலைக்குடில்களில் தங்கல். இரண்டாம் நாள் மூடுபனி இறங்கி, கற்களில் இருந்த சிவப்புப் பாதைக்குறிகள் மறைந்தன.

“அண்ணை, வரைபடத்தைப் பாப்பம்.”

“அது பயந்தாங்கொள்ளியளுக்கு. நான் வன்னிக் காடு நடந்தவன். பின்னால வா!”

அந்த வாய்வீச்சை நம்பி நானும் மாடுபோலப் பின்னால் போனேன். திடீரென அவர் கால் தட்டிய கல் உருண்டது; விழுந்த சத்தம் வெகு ஆழத்தில் கேட்டது. காலடியில் பெரும் பள்ளம். வீரர் குந்தியிருந்து அழுதார். நான்தான் திசைகாட்டியைப் பார்த்து அவரைக் குடிலுக்குக் கொண்டுவந்தேன்.

டென்மார்க் திரும்பியதும் அண்ணை நண்பர்களிடம் சொன்னார்: “தம்பி பயந்திட்டான். நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

இப்போதெல்லாம் வரைபடம் என் கையில் இருந்தால்தான் நடக்கிறேன். ‘வழி எனக்குத் தெரியும்’ என்று மார்தட்டுபவர்களைத் தனியாகவே போகவிடுகிறேன்.