கற்பூரத்துக்கு நிற்கும் நாலு குதிரைகள்

குதிரை வண்டி கட்டிக்கொண்டு திருவண்ணாமலை ஊர்வலத்துக்குப் போகலாமா என்று போன பதிவின் பின்னூட்டத்தில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாகப் போகலாம். 2008 காணும் பொங்கலுக்கு நாங்கள் போய்வந்தோம். எப்படிப் போனோம், எங்கே மாட்டிக்கொண்டோம், நீங்கள் எதைச் செய்யவே கூடாது என்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். நடுநடுவே என் வீட்டுக்காரரைத் திட்டுவேன், கண்டுகொள்ளாதீர்கள். அவரும் இதைப் படிக்கத்தான் போகிறார்.

எங்களுக்குக் கீழ்பென்னாத்தூர். நான் பேருந்து நிலையம் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் செல்வம் கல்யாணங்களுக்குச் சாரட்டு வண்டி ஓட்டுகிறார். கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளையை அழைத்துவரும் வண்டிதான். எங்களிடம் வெள்ளைக் குதிரைகள் நாலு. பின்னால் பூட்டும் ராஜாவும் மணியும் மூத்தவை. முன்னால் பூட்டும் ராணியும் சிங்காரியும் குட்டிகளாக வந்து என் கையால் கொள்ளு தின்று வளர்ந்தவை. சிங்காரிக்கு ஒருமுறை வயிறு உப்பிக்கொண்டபோது கடையைப் பூட்டிவிட்டு இரண்டு நாள் அதன் கூடவே கிடந்தேன்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. வேலையில்லாத மனுஷனுக்கு யோசனை ஜாஸ்தி. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"நாலு குதிரை கேக்கிற கல்யாணம் கம்மியாயிடுச்சு வனஜா. ராணியும் சிங்காரியும் சும்மா நின்னு தின்னுனு இருக்குதுங்க. வேலூர் பாஷா பாய் விலைக்குக் கேக்கிறாரு. குடுத்துடலாம்னு இருக்கேன்."

அன்று ராத்திரி வீட்டில் சமையல் இல்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வாரமே வழி ஒன்று பிறந்தது. காணும் பொங்கலன்று திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலிலிருந்து ஊருக்குள் இருக்கும் மைதானம் வரை ஒரு ஊர்வலம். சுற்றுவட்டார ஊர்கள் ஊருக்கொரு அலங்கார வண்டி கொண்டுவர வேண்டும். எங்கள் ஊர் விவசாயிகளின் வண்டியில் நெல் மூட்டை, கரும்பு, மல்லாட்டைக் கொடி, அதாவது வேர்க்கடலைச் செடி, எல்லாம் ஏற்றி, குதிரை கட்டி இழுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். பொறுப்பு குமரேசன் அண்ணனிடம். அவருக்கோ டிராக்டர்தான் குலதெய்வம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! வண்டியை முடிவு செய்யும் கூட்டத்துக்கு நானே போனேன்.

"ஏம்மா, டவுன்ல கூட்டத்தைப் பார்த்து உன் குதிரை நின்னுச்சுன்னா இன்னா பண்ணுவ?" என்றார்.

"நிக்காதுணா."

"நின்னா டிராக்டர்ல கயிறு போட்டு இழுத்துனு போயிடுவேன். அப்புறம் அண்ணன் மானத்த வாங்கிட்டாருன்னு சொல்லக் கூடாது."

"போடுங்க, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதே வேகத்தில் வீட்டிலும் ஒரு பேச்சு முடித்தேன். நாலும் சேர்ந்து ஊர்வலத்தை முடித்துவிட்டால் ராணியையும் சிங்காரியையும் விற்கக் கூடாது. டிராக்டர் கயிறு விழுந்தால் அவர் இஷ்டம். செல்வம் சரி என்றார். சரி என்ற கையோடு பாஷா பாய்க்குப் போன் போட்டு, ஊர்வலத்தைப் பார்க்க வரச் சொன்னார். இப்படிப்பட்ட மனுஷனோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

சாரட்டு இழுப்பது வேறு, சுமை இழுப்பது வேறு. டயர் வண்டியில் மணல் மூட்டை ஏற்றி ஏரிக்கரைச் சாலையில் தினமும் பழக்கினோம். புது லாடம் அடித்தோம், குதிரைக்கு நூற்றைம்பது ரூபாய். பக்கத்தில் பட்டாசு கொளுத்தினோம், பம்பை அடிக்கச் சொன்னோம், பஸ் ஹாரனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். நாலும் காதைக்கூட ஆட்டவில்லை. எல்லாவற்றுக்கும் பழக்கிவிட்டோம் என்று நினைத்தேன்.

மாட்டுப் பொங்கலன்று காலை நாலையும் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துப் பொங்கல் ஊட்டினேன். எதிர்வீட்டு அக்காவுக்குச் சிரிப்பு.

"இன்னா வனஜா, குதிரைக்குமா மாட்டுப் பொங்கல்?"

"உங்க வூட்டுக்காரர் பைக்குக்கு மாலை போட்டு பூஜை பண்றீங்களே, அது மட்டும் இன்னா, கன்னுகுட்டியா?" என்றேன்.

மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினோம். திருவண்ணாமலை இருபது கிலோமீட்டர். சுமையெல்லாம் டிராக்டரில் முன்னாலேயே போய்விட்டது, எங்கள் வண்டி காலிதான். ஓட்டக் கூடாது, நடையில்தான் விட வேண்டும். சோமாசிபாடியில் புளியமரத்து நிழலில் அவிழ்த்துத் தண்ணீர் காட்டினோம். அங்கே டீ நன்றாக இருக்கும், வடை வேண்டாம். அன்று கோயில் பக்கம் திருவூடல் திருவிழா. சாமிக்கும் அம்மாளுக்கும் நடக்கிற சண்டையைப் பார்க்க ஊரே திரண்டிருக்கும் என்பதால் உள்ளே போகாமல் ஓரமாகவே வேங்கிக்கால் போய்ச் சேர்ந்தோம். சாயங்காலம் ஐந்தரை. என் சித்தி மகன் புதிதாகக் கட்டிய வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் குதிரைகளைக் கட்டினோம். வேங்கிக்காலில் இன்னும் இப்படிக் காலி மனைகள் இருக்கின்றன. தண்ணீர்க் குழாய் இருக்கிற மனையாகப் பாருங்கள்.

மறுநாள் காலை அலங்காரம். வண்டியின் நாலு மூலையிலும் கரும்பு, நடுவில் நெல் மூட்டை, சுற்றிலும் மல்லாட்டைக் கொடி, உச்சியில் பொங்கல் பானை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. முன்பக்கம் மட்டும் மொட்டையாக இருக்கிறதே என்று, சித்தி மகன் வீட்டுக் கூடத்திலிருந்த பெரிய அண்ணாமலையார் படத்தை வாங்கி, மாலை போட்டு முன்னால் கட்டினேன். இதுதான் நான் செய்த காரியம். யாரும் என்னைத் தடுக்கவில்லை. யார்தான் தடுப்பார்கள்?

ஒன்பது மணிக்கு ஊர்வலம் நகர்ந்தது. செல்வம் எப்போதும் போலத் தேங்காயைக் குதிரைகளுக்குச் சுற்றி ரோட்டில் ஓங்கி உடைத்தார். அடுத்த நொடி நாலும் கழுத்தை வளைத்துக்கொண்டு கிளம்பின. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பின்னால் குமரேசன் அண்ணன் டிராக்டரில் வந்தார். கயிற்றை மடியிலேயே வைத்திருந்தார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒரு வளையல் கடைக்காரர், படத்தில் சாமியைப் பார்த்துவிட்டு, தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு ஓடிவந்து காட்டினார். நாலு குதிரையும் டக்கென்று நின்றன. செல்வம் சொடுக்கினார், அதட்டினார், கெஞ்சினார். அசையவில்லை. ஆட்கள் வண்டியைத் தள்ளிப் பார்த்ததும் மனசில்லாமல் நகர்ந்தன. இருபதடி போனதும் ஒரு வீட்டு வாசலில் இன்னொரு தட்டு. மறுபடியும் நின்றன. ராணி கழுத்தை நீட்டித் தட்டுக்காரம்மாவின் முந்தானையை மோந்து பார்த்தது. அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மண்டபத்து வாசல்! மாப்பிள்ளை வண்டி மண்டபத்து வாசலில் வந்து நின்றதும் பெண் வீட்டார் ஆரத்தி எடுத்துக் கற்பூரம் காட்டுவார்கள். அதோடு குதிரைகளுக்கு வேலை முடிந்தது. ஒரு உருண்டை வெல்லம் கொடுத்து அவிழ்த்துவிடுவோம். பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்பார்கள். இதுகளுக்குக் கற்பூரம் என்றால் கல்யாணம் முடிந்தது என்று அர்த்தம். அதுகளைக் கொண்டுவந்து, தடுக்கி விழுந்தால் கற்பூரம் ஏற்றுகிற ஊரில், சாமி படத்தையும் முன்னால் கட்டி நிறுத்தியிருக்கிறேன். இதைவிட அறிவாளி யார் இருக்க முடியும்?

"படத்தை ஒரு துண்டால மூடிடு" என்றார் செல்வம்.

"அண்ணாமலையாரையா? இந்த ஊர்லயா? நீங்களே மூடுங்க, உங்களை வூட்டுக்கு நான் தூக்கினு போறேன்" என்றேன்.

வெல்லம் கொடுத்தால் சமாதானமாகுமோ என்று பையிலிருந்து நாலுக்கும் ஊட்டினேன். அது அதைவிட மோசம். சிங்காரி சந்தோஷமாக மென்றுகொண்டே உடம்பைத் திருப்பி, பூட்டை அவிழ்க்கச் சொல்லித் தோளைக் காட்டியது.

"நல்லா இருக்குது. கற்பூரத்தோட வெல்லத்தையும் குடுத்து கல்யாணத்தை முடிச்சே வெச்சிட்ட!" என்றார் செல்வம்.

முன்னால் போன கரகாட்டக்காரர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. கூட்டத்தில் பாஷா பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிற்பது தெரிந்தது. குமரேசன் அண்ணன் இறங்கிவந்தார்.

"விடும்மா. நீயும் பார்த்துட்ட. கட்டிடறேன்."

"இன்னும் ஒரே நிமிசம்ணா."

"ஊர்வலமே நிக்குதும்மா."

செல்வத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சிங்காரியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். குமரேசன் அண்ணன் நுகத்தடிக்குக் கீழே குனிந்து கயிற்றை நுழைத்தார்.

அந்த நேரம் வேண்டுதல் போலிருக்கிறது, எதிர்ச் சாரியில் ஒருவர் சிதறு தேங்காயைப் படீரென்று உடைத்தார்.

நாலும் ஒன்றாகப் பாய்ந்தன. குமரேசன் அண்ணன் கயிறும் கையுமாக ஓரத்தில் உருண்டார். நல்லவேளை, அடியில்லை. செல்வம் தாவி வண்டியில் ஏறிக் கடிவாளத்தைப் பிடித்தார். என் மரமண்டைக்கு அப்போதுதான் எட்டியது. கற்பூரம் என்றால் முடிவு. தேங்காய் உடைத்தால்? கிளம்பு! ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கிளம்பும்போது உடைப்பதுதானே, காலையில்கூட என் கண் முன்னாலேயே நடந்ததே!

பக்கத்துப் பூஜைக் கடையில் ஒரு கோணித் தேங்காயை அப்படியே வாங்கினேன். காய் ஏழு ரூபாய். பேரம் பேச நேரமில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஓடினேன். "கற்பூரம் காட்டுங்க, வேணாங்கல. காட்டினவங்க தேங்காயும் உடைங்க!" என்று கத்திக்கொண்டே போனேன். திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதை இரண்டாம் தரம் சொல்ல வேண்டியதில்லை. கற்பூரம் காட்டுவார்கள், குதிரை நிற்கும். கும்பிடுவார்கள். தேங்காய் உடையும், குதிரை கிளம்பும். பார்த்தவர்கள் குதிரை சாமி கும்பிடுகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து ஒரு கை கோணியை வாங்கியது. குமரேசன் அண்ணன்.

"நீ நவுரும்மா, உனக்கு ஓங்கி உடைக்க வரல" என்றார். கயிறு எங்கே என்று நான் கேட்கவில்லை. மைதானம் வரை அவர்தான் உடைத்தார்.

மைதானத்தில் விழாக்காரர்கள் ஆரத்தி எடுத்துக் கற்பூரம் காட்டினார்கள். நாலும் நின்றன. இந்தத் தடவை நிற்க வேண்டிய இடத்தில் நின்றன. ஒவ்வொன்றின் கழுத்தையும் கட்டிக்கொண்டு வெல்லம் ஊட்டினேன்.

பாஷா பாய் நேராகச் செல்வத்திடம் வந்தார். "மாஷா அல்லா, இந்த மாதிரி ஜோடி நான் பார்த்ததில்ல. ரெண்டு வேணாம் தம்பி, நாலையும் குடு. கேக்கிறதுக்கு மேல ஜாஸ்தி போட்டுத் தர்றேன்."

இரண்டை விற்கக் கூடாது என்றுதான் நான் பேசியிருந்தேன். நாலையும் விற்கக் கூடாது என்று பேசவே இல்லையே! செல்வம் சிங்காரியின் பூட்டை அவிழ்த்து, வியர்வையைத் துண்டால் துடைத்தார். அப்புறம்தான் திரும்பினார்.

"கற்பூரம் காட்டியாச்சு பாய். இனிமே அதுங்க வூட்டுக்குத்தான் போவும்."

நான் மல்லாட்டைக் கொடிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். போகட்டும்.

இனி போகிறவர்களுக்கு. குதிரையை முந்தின நாளே கொண்டுபோய் இளைப்பாற விடுங்கள். காணும் பொங்கலன்று சாமி கிரிவலம் போவார், அடி அண்ணாமலைப் பக்கம் வண்டியோடு தலைகாட்டாதீர்கள். தேங்காயை ரோட்டு ஓரத்தில் உடைக்கச் சொல்லுங்கள். நடுவில் உடைத்தால் ஓட்டுச் சில்லு குளம்பில் ஏறும். எங்கள் மணி திரும்பும்போது நொண்டியது அதனால்தான். எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் குதிரை இதுவரை என்ன வேலை செய்தது, எதைப் பார்த்தால் நிற்கும், எதைக் கேட்டால் கிளம்பும் என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்துவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் யோசிக்கவில்லை.

மறுநாள் மதியம் வீடு வந்து சேர்ந்தோம். எங்கள் வாசலில் நாலையும் நிறுத்தித் திருஷ்டி சுற்றி நானே கற்பூரம் காட்டினேன். கோணியில் ஒரு தேங்காய் மிச்சம் இருந்தது. செல்வம் அதைக் கையில் எடுத்தார்.

"உடைச்சீங்கன்னா தெரியும் சேதி" என்றேன்.

சிரித்துக்கொண்டே உள்ளே கொண்டுபோய் வைத்தார். சாயங்காலம் அதைத் துருவிச் சட்னி அரைத்தேன்.