கிண்ணத்தில் விழுந்த வீபூதி

செய்தியைப் போனில் சொன்னது குணம் அண்ணையின் மகள் வாணி. நான் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். முதலில் டேனிஷில் சொன்னாள். விளங்கியது, ஆனால் உள்ளே போகவில்லை. "அன்ரி, கேக்குதோ? அப்பா மோசம் போயிட்டார்" என்று தமிழில் சொன்ன பிறகுதான் உறைத்தது. குணம் அண்ணை கனகாலம் வருத்தமாகப் படுக்கையில் கிடந்தவர்தான். அதற்காகச் சாவுக்கு மனம் ஆயத்தமாகவா இருக்கும்?

டென்மார்க்கில், இந்த ஹேர்னிங் ஊரில், குணரத்தினம் என்றால் பயந்த மனிதர் என்றுதான் உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். பொய்யில்லை. தபால்காரன் வந்தாலும் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். அந்தப் பயத்தோடு அவர் செய்த ஒரு காரியத்தைப் பக்கத்தில் நின்று கண்டவள் நான். அதைச் சொல்லாமல் அவரை அனுப்ப எனக்கு மனமில்லை.

நாங்கள் இருவரும் ஒரு மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தோம். வயல் செய்யும் கமக்காரர் அனுப்பும் மண்ணைக் காயவைத்து, இடித்து, அரித்துக் கொடுப்பது என் வேலை. அவர் அதைச் சின்னக் கிண்ணத்தில் பரப்பி, மெசினில் வைத்து, அகச்சிவப்பு ஒளியை அடிப்பார். எங்கள் பள்ளிக்கூடத்தில் செங்கீழ்க் கதிர் என்று படித்தோமே, அதுதான். இலை தழை உக்கிச் சேர்ந்த உக்கல் கூடிய கறுத்த மண் ஒளியை விழுங்கும், வெளிறிய மண் திருப்பி எறியும். திரும்பி வருவதை வைத்து மெசின் மண்ணின் குணத்தை மதிப்பிடும். முறை புதிது என்பதால் இடைக்கிடை கொஞ்ச மண்ணை எரித்து, எடை எவ்வளவு குறைகிறது என்றும் சரிபார்ப்பார்கள்.

தமிழர் வழக்கு என்று இந்த நாடு பின்னால் பெயர் வைத்த வருடங்கள் அவை. குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் போட்டவர்களுக்குப் பதிலே இல்லை. கோப்புகளை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பிறகு வெளிவந்து, அரசாங்கமே கவிழ்ந்தது. அப்போது அது யாருக்குத் தெரியும்? நாங்கள்தான் ஏதோ பிழை விட்டோமாக்கும் என்று நினைத்து நினைத்துச் செத்தோம்.

அண்ணையின் மனைவி செல்வி கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்தில், குண்டுச் சத்தத்துக்குள். அவர்கள் வந்து சேரும்வரை வீபூதி பூசாமல் வீட்டுப்படி தாண்டுவதில்லை என்று இவர் நேர்த்தி வைத்திருந்தார். பூசுவதும் கொஞ்சநஞ்சமல்ல, சுவருக்கு வெள்ளை அடித்த மாதிரி. "உவ்வளவும் பூசினால் விசா கெதியா வருமோ?" என்று பகிடி பண்ணுவேன். "பேசாமல் இரு தங்கச்சி. குறைச்சால் அங்கை என்ன நடக்குமோ" என்பார்.

ஒரு குளிர்காலம் எண்கள் குழம்பத் தொடங்கின. காலையில் பார்த்த மண்ணில் உக்கல் குறைவு, மத்தியானத்துக்குப் பின் பார்த்தால் சரி. எரித்துப் பார்த்தால் காலை எண் பிழை. பொறுப்பாளர் கிர்ஸ்தன் மெசினைக் கழற்றித் திரும்பப் பூட்டினார், விளக்கை மாற்றினார், ஒன்றும் சரிவரவில்லை. அண்ணை என்னிடம் வந்து புலம்பினார். "என்னிலை பிழை எண்டு எழுதினால் அது விசாக் கேசுக்கும் போகும். பிறகு செல்வி அங்கைதான்." அப்படி நடந்துவிடுமோ என்று எனக்கும் பயம்தான்.

ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டார். "இஞ்சை பார்." கிண்ணத்தில் கறுத்த சதுப்பு மண். அதன்மேல் வெள்ளைத் தூள். குனிந்து மண்ணை மட்டப்படுத்தும்போது நெற்றியிலிருந்து வீபூதி கொட்டுண்டிருக்கிறது. மத்தியானத்துக்குள் உதிர்ந்து முடிந்துவிடும், அதுதான் பிறகு எண் சரியாக வந்தது.

"நெத்தியைத் துடையுங்கோ அண்ணை, கதை முடிஞ்சுது."

"அப்ப முந்திக் குடுத்த எண்கள்? அதைப் பாத்து ஆரோ ஒருத்தன் வயலுக்கு எரு போடுவான்."

கை நடுங்க நடுங்கப் போய்ச் சொன்னார். கிர்ஸ்தன் அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுச் சாணிச் சாம்பல் என்று சொன்னதும், ஒரு கிண்ணம் வீபூதி கொண்டுவரச் சொல்லி மெசினில் வைத்தார். மெசினைச் சரிபார்க்க நாங்கள் வைக்கும் வெள்ளைத் தட்டைவிட ஒளியைத் திருப்பியதில் கொஞ்சம்தான் குறைவு! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை. "என்னை வேலையாலை நிப்பாட்டுவியளோ?" என்று கேட்டார். "காலை மண்ணையெல்லாம் திரும்பப் பார், அவ்வளவுதான்" என்றார் கிர்ஸ்தன்.

ஆனால் நேர்த்தி? அன்றிலிருந்து நெஞ்சில் பூசி, மேலே சட்டை போட்டார். "சட்டைக்குள்ளை கிடந்தால் கடவுளுக்குத் தெரியுமோ தங்கச்சி?" "எங்கடை மெசினே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்திலை பாக்குது. அவருக்குத் தெரியாதோ?" அதைக் கேட்டும் அவர் பயம் போகவில்லை. வெறும் நெற்றியைக் கண்டு, குணம் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டான் என்று ஊருக்குள்ளே கதை பரவியது. அவர் ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

கடைசியில் வந்தார்கள். விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். செல்வி அவரைக் கண்டதும் அழவில்லை, திடுக்கிட்டார். "ஐயோ, என்னப்பா வெறும் நெத்தி?" அண்ணை அந்தச் சனத்துக்கு நடுவே கோட்டைத் திறந்து, சுவெற்றரை உயர்த்தி, சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். அப்பாவை அடையாளம் தெரியாத வாணி, தாயின் தோளில் இருந்தபடி அந்த வெள்ளையில் ஒரு விரலை வைத்தாள். அதன்பிறகுதான் எல்லோரும் அழுதோம்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் நெற்றிக்குத் திரும்பவில்லை. பழகிவிட்டது என்றார். பயமில்லாதவர்கள் உண்மை பேசுவதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். நடுங்கிக்கொண்டே போய்ச் சொல்வதை அவரிடம்தான் கண்டேன். எனக்கென்று நான் வைத்திருப்பது அதைத்தான்.

பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். வாணி அவர் நெற்றியில் வீபூதியால் மூன்று குறி தடிப்பாக இழுத்தாள். அவருக்குப் போட்டிருந்த கோட்டில் கொஞ்சம் கொட்டுண்டது. தட்டிவிடப் போன கையை இழுத்துக்கொண்டேன். கிடக்கட்டும் அண்ணை. கீழே கிண்ணம் இல்லை.