துடக்கு வீட்டு வெற்றிலை

ரொறன்ரோவில் வெற்றிலை வளர்க்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, பெரியண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். மோர்னிங்சைட்டில் அவருடைய வீட்டில் இருந்தோம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"உனக்கென்ன விசரே? மனிசரே இந்தக் குளிருக்க விறைச்சுச் சாகுதுகள். வெத்திலை தப்புமோ?"

"தப்பும்" என்றேன். ஒருவர் என்னிடம் ஏலாது என்று சொன்னால் போதும், அதைச் செய்து காட்டும்வரை எனக்கு நித்திரை வராது. அது என் பிறவிக் குணம். கடைகளுக்கு விமானத்தில் வந்து சேரும் வெற்றிலையைப் பார்த்தால் வயிறு எரியும். கறுத்து, ஓரம் அழுகி, ஈரச் சாக்குப்போல மணக்கும். அதைத் தட்டத்தில் வைத்துத்தான் எங்கள் சனம் பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தது.

யூனியன்வில்லுக்கு வடக்கே ஓர் இத்தாலியக் கிழவர் பூக்கன்று வளர்த்துக் கைவிட்ட கிறீன்ஹவுஸை வாடகைக்கு எடுத்தேன். இரண்டு தட்டுப் பிளாஸ்ரிக் கூரை, காஸ் ஹீற்றர், கையால் சுழற்றித் திறக்கும் பக்க ஜன்னல்கள். ஃபக்ரரி வேலையை விட்டேன். வயது ஐம்பத்திரண்டு. கொடி பட்டுப்போனால் என்னைத் திரும்ப எவனும் வேலைக்கு எடுக்க மாட்டான். இது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவளும் கையுறையைப் போட்டுக்கொண்டு என்னோடு மண் கிண்டினாள்.

முதல் பனி மாரியைக் கடந்தோம். எப்படிக் கடந்தோம் என்று கேட்காதீர்கள். வாசலில் பனியை வெட்டி எறிந்துவிட்டு உள்ளே போனால் வெறும் சாரத்தோடு நிற்கலாம்போல வெக்கையாக இருக்கும். சித்திரை பிறந்தபோது கொடிகள் என் தலைக்கு மேலே ஏறியிருந்தன. ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக் கடித்தேன். காரம் மூக்கில் ஏறியது. மனைவிக்கு முன்னாலேயே கண்ணைத் துடைத்தேன், எனக்கென்ன வெட்கம்!

அந்த மே மாதத்தில்தான் அங்கே, ஊரில் யுத்தம் முடிந்தது. வன்னியில் இருந்த எங்கள் கடைசித் தம்பியிடமிருந்து மாதக்கணக்காகச் சத்தம் இல்லை. ஒரு காலை, அகதி முகாமில் இருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் எடுத்தார். தம்பி இல்லை என்றார். என்றைக்கு என்று கேட்டேன். தெரியாது என்றார். எங்கே என்று கேட்டேன். அதுவும் தெரியாது என்றார்.

அன்று பின்னேரமே பெரியண்ணை வந்து கிறீன்ஹவுஸைப் பூட்டித் திறப்பைத் தன் பொக்கற்றுக்குள் போட்டார். கூடப்பிறந்தவன் செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்கோடு கொடிக்காலுக்குள் கால் வைத்தால் கொடி பட்டுப்போகும்.

"ஹீற்றர் தானா ஓடுந்தானே. குளிராமல் இருந்தால் காணும்" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னில் எனக்கே கோபம் வருகிறது. அழுது களைத்தவனுக்கு யாராவது ஒரு சட்டம் சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவான். குளிர், குளிர் என்றே இத்தனை காலமும் பயந்த எங்களுக்கு வெயில் என்ற ஒன்று ஞாபகத்திலேயே இல்லை.

இரண்டு நாள் மப்பும் மழையும். மூன்றாம் நாள் வெயில் எறித்தது. மத்தியானம் மனைவி என்னைத் தட்டி எழுப்பினாள்.

"இஞ்சருங்கோ, ஜன்னல் எல்லாம் பூட்டிக் கிடக்குதெல்லே! அதுகள் உள்ளுக்க அவிஞ்சு போகுமப்பா!"

காரில் பறந்தோம். வழியிலேயே மனைவி பெரியண்ணைக்குப் போன் எடுத்தாள். அவர் திறப்போடு வரும்வரை நான் காத்திருக்கவில்லை. பூட்டைச் சுத்தியலால் அடித்து உடைத்தேன். உள்ளே இருந்து வந்த சூடு முகத்தில் அறைந்தது. பாதிக் கொடிகள் புழுங்கிய கீரையாய்த் தொங்கின. சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கியது ஒரு வருடம்.

கைபிடியைச் சுழற்றி ஜன்னல்களைத் திறந்தோம், மிச்சக் கொடிகளுக்குத் தண்ணீர் தெளித்தோம். அப்போது பெரியண்ணை வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"துடக்கோட தொடுறியே! தம்பி செத்த துக்கம் உனக்கில்லையே?"

தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். "துடக்கு எந்த நாளில இருந்து அண்ணை? அவன் செத்த நாள் உங்களுக்குத் தெரியுமோ? அவன் செத்துக் கிடந்த நாளெல்லாம் நான் தெரியாமல் இதுக்குள்ளதான் நிண்டிருப்பன். அப்ப படாத கொடி பூட்டி வைச்ச பிறகு பட்டிருக்கு. இனி ஒவ்வொரு நாளும் தொடுவன். ஏலுமெண்டால் மறியுங்கோ!"

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். கதை அவருக்கு முன்னமே போய்விட்டது, எங்கள் சனத்துக்குள் அதற்குக் கார் தேவையில்லை. ஒரு கிழமைக்குள் ஸ்காபரோவில் எனக்கு வாக்குக் கொடுத்திருந்த கடைக்காரர் போன் எடுத்தார்.

"அண்ணை, சனம் கதைக்குது. நான் ஆரின்ர வெத்திலை எண்டு சொல்லாமல் வைச்சு வித்துத் தாறன்."

ஒளித்து விற்பதா? நான் என்ன களவெடுத்தா வளர்த்தேன்? அடுத்த சனிக்கிழமை இரண்டு பெட்டி வெற்றிலையோடு நானே போய்க் கடை வாசலில் மேசை போட்டேன். மட்டை ஒன்றில் 'துடக்கு வீட்டு வெற்றிலை' என்று கொட்டை எழுத்தில் எழுதி முன்னால் நிறுத்தினேன். கடைக்காரர் தலையில் கை வைத்தார்.

ஒரு மணித்தியாலம் எல்லோரும் வாசித்துவிட்டு விலகிப் போனார்கள். பிறகு ஓர் அன்ரி நின்றா. "ஆரின்ர துடக்கு, தம்பி?" என்று கேட்டா. சொன்னேன். அவ மட்டையைத் திரும்பவும் வாசித்தா. "எங்கட வீட்டில மூண்டு பேர்" என்றா. "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வேணும். ரெண்டு கட்டுத் தாங்கோ."

அவவுக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஒருவருக்கு அக்கா குடும்பம். ஒருவருக்கு மகன். துடக்கில்லாத வீடு ஒன்றுகூட அந்த வரிசையில் இல்லை. நான் கல்யாணங்களுக்கென்று வளர்த்த வெற்றிலை முழுவதும் செத்தவீடுகளுக்குப் போனது.

கடைசிக் கட்டு மிச்சமிருந்தபோது வரிசையின் முடிவில் பெரியண்ணை நின்றார். சவரம் செய்யாத முகம். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"முப்பத்தோராம் நாளுக்கு எனக்கும் வேணும்" என்றார்.

"நான் தொட்டது, அண்ணை" என்றேன். குரலைத் தாழ்த்தவில்லை.

"தெரியும்" என்று கட்டை எடுத்தார். "தமையன் தொட்டதைத் தம்பிக்கு வைக்கக் கூடாதோ?"