சன்னக் குரல் சிரிலோ

சிரிலோ மாமா மேசையை ஒரு தட்டுத் தட்டினால் இருபத்திரண்டு கத்தரிக்கோல்கள் ஓடும். இரண்டு தட்டினால் நிற்கும். மினிபஸ் கதவில் தொங்கிக்கொண்டு, தகரத்தைத் தட்டி வண்டியை எடுக்கவும் நிறுத்தவும் சொன்ன அதே கை. பசைக் கிண்ணம் காலியானால் "டீசல் தீந்துபோச்சு" என்பார். பெஞ்சில் நான்கு பேர் இருக்கையில் ஐந்தாவதாக ஒரு குழந்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தால், "ஓரமா ஒட்டி உக்காருங்க, இன்னும் ஒரு ஆளுக்கு எடம் இருக்கு" என்பார். இதெல்லாம் குழந்தைகளுக்குக் கேட்கும். இரண்டடி தள்ளி நிற்கும் பெரியவர்களுக்குக் கேட்காது.

பதினாறு வருடம் லா பாஸ் நகரத்தின் மேட்டுச் சாலைகளில் ஊர்ப்பெயர்களைக் கத்திக் கத்தி ஆளேற்றியவர் சிரிலோ கிஸ்பெர். அவர் கத்தினால் எதிர்ச் சரிவில் போகிறவன்கூட இறங்கி வந்து ஏறிக்கொள்வான் என்று சக தொழிலாளிகள் சொல்வார்கள். பிறகு தொண்டையில் இரண்டு கட்டிகள் வந்தன. அறுத்து எடுத்தபின் மிஞ்சியது, காகிதத்தைக் காகிதத்தோடு உரசினாற்போல ஒரு சன்னக் குரல். பழைய டிரைவர் இன்றைக்கும் அவரைத் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "என்னப்பா, ரேடியோ ரிப்பேர் ஆச்சா இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். சிரிலோவும் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று சைகை செய்வார்.

சந்தைக் கட்டடத்தின் மேல்மாடியில், கீழே கடை போட்டிருக்கும் பெண்களின் பிள்ளைகளுக்காக ஒரு மழலைப் பள்ளி இருக்கிறது. அங்கேதான் அவருக்கு உதவியாள் வேலை. மூக்குத் துடைப்பது, சூடாகச் சோளக் கஞ்சி ஊற்றுவது, மாவுப் பசை காய்ச்சுவது. தலைமை ஆசிரியை ஒர்த்தென்சியா அவரைச் சேர்த்தபோது கீழே மீன்கடைக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் ஒரு மாதத்தில் ஒரு விசேஷம் நடந்தது. அவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளக் குழந்தைகள் வாயை மூடிக்கொண்டு அவர் முகத்தையே பார்க்கப் பழகிவிட்டன. பதிலையும் கிசுகிசுவென்றே சொல்லின. கீழே சந்தை அலறிக்கொண்டிருக்க, மேலே ஒரு வகுப்பு ரகசியம் பேசிக்கொண்டிருந்தது.

ஜனவரி வந்தால் அலசீத்தாத் திருவிழா. வேண்டியதைச் சின்னஞ்சிறியதாகக் கையில் வைத்து, இருபத்து நான்காம் தேதி உச்சிவேளையில் பூசாரியின் புகையில் காட்டிவிட்டால், வருடத்துக்குள் அது பெரிதாக வந்து சேரும். ஊரார் பொம்மைச் சந்தையில் வாங்குவார்கள். சிரிலோவின் மேசையில் குழந்தைகளே செய்யும். உப்பு மாவில் ரொட்டி, சோடாமூடியில் சக்கரம், கிழிந்த பாவாடையில் அரிசி மூட்டை. யெஸ்மி என்ற பெண் இரண்டு வருடமாகக் கதவு மட்டுமே செய்கிறாள். அவர்கள் வீட்டு வாசலில் திரைதான் தொங்குகிறது. கதவில் பூட்டு வளைந்திருக்கிறதே என்று யாராவது சொன்னால் சிரிலோவுக்குப் பிடிக்காது. "அவ வீட்டுப் பூட்டு, அவ தொறந்துக்குவா."

இந்த வருடம் ஒரு தொந்தரவு சேர்ந்துகொண்டது. டிசம்பரில் மேற்பார்வைக்கு வந்த நோரா அம்மாள், கழுத்தில் விசிலும் கையில் நோட்டுமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, வகுப்பின் நடுவிலேயே ஒர்த்தென்சியாவிடம் சொன்னார்: "கத்த முடியாத ஆளை நம்பி இத்தன புள்ளைங்கள எப்படி விடுறது? நாளைக்குத் தீ கீ பத்திக்கிச்சுன்னா? இவர ஸ்டோர் ரூமுக்கு மாத்துங்க. அலசீத்தா அன்னிக்கு மறுபடி வருவேன்."

கஞ்சிப் பானையோடு நின்ற சிரிலோ, "நான் கூப்பிட்டா வருவாங்கம்மா" என்றார். அந்த அம்மாளுக்கு அது கேட்கவில்லை.

குழந்தைகளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. ஜனவரி இரண்டாம் வாரத்தில், பூக்கடைக்காரியின் மகள் வாரா, நாலரை வயது, மேசையடியில் கூட்டம் கூட்டினாள். மாமாவுக்கு ஒரு குரல் செய்ய வேண்டும் என்றாள். அடுத்தவர் கையால் கிடைத்தால் இன்னும் சீக்கிரம் பலிக்குமாம். ரகசியக் கூட்டம்தான், ஆனால் ரகசியம் என்பது அந்த அறையில் சிரிலோவுக்கு நன்றாகக் கேட்கும். பசையைக் கிண்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார்.

"கொரலு எப்படிடி இருக்கும்?" என்று கேட்டான் மீன்கடை லிம்பெர்.

வாரா வாயைப் பிளந்து காட்டினாள். "உள்ள தொங்குது பாரு, செவப்பா. அதுதான்."

அப்புறம் அரை மணி நேரம் எல்லோரும் எல்லோர் வாயையும் பார்த்தார்கள். கடைசியில் ஒரு தீப்பெட்டிக்குள் சிவப்புச் சாயம் பூசி, மாவில் ஒரு சொட்டு உருட்டி, நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டார்கள்.

லிம்பெருக்குத் திருப்தியில்லை. "ரொம்பச் சின்னதா இருக்கு. இதுல எங்க சத்தம் வரும்?"

"சின்னதாத்தான்டா பண்ணணும். அப்பறம்தான் பெரிசாவும்."

அன்றைக்குப் பசை அடிப்பிடித்துப் போனது. அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்த மூன்று வருடத்தில் பசை தீய்ந்தது அந்த ஒரு முறைதான்.

இருபத்து நான்காம் தேதி குழந்தைகள் செய்ததையெல்லாம் மொட்டைமாடியில் மேசைகள் போட்டுக் கடை பரப்பினார்கள். பாதிக்குத் தகரக் கூரை, அடுத்துத் தார்ப்பாய், ஓரம் மட்டும் திறந்த வெளி. நோரா அம்மாள் சொன்னபடி வந்து ஓரமாக நின்றார். பூசாரி கரிச்சட்டியில் சாம்பிராணி போட்டு ரொட்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் கதவுக்கும் புகை காட்டினார். தீப்பெட்டியைப் பார்த்து என்னவென்று கேட்டார். "கொரலு" என்றாள் வாரா. அவர் ஒரு பூவிதழை அதன்மேல் வைத்து, இரண்டு சொட்டுச் சாராயம் தெளித்தார். வாரா நீட்டியதும் சிரிலோ அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் ஆலங்கட்டி விழத் தொடங்கியது. முதலில் பட்டாணி அளவு, பிறகு திராட்சை அளவு. தகரத்தில் அது விழுந்த இரைச்சலில் ஒர்த்தென்சியாவின் குரல் அவருக்கே கேட்கவில்லை. குழந்தைகள் கடைகளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மேசைகளுக்கு அடியில் போய்ப் பதுங்கின. மேசைகள் இருந்தது தார்ப்பாயின் கீழ். தார்ப்பாய் ஆலங்கட்டி சுமந்து நடுவில் பானை வயிறாகத் தொங்க ஆரம்பித்தது. நோரா அம்மாள் கன்னம் உப்ப விசில் ஊதினார். ஒரு குழந்தையும் திரும்பவில்லை.

சிரிலோ ஒரு முக்காலியை இழுத்துத் திறந்த வெளியில் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். தலையிலும் தோளிலும் பனிக்கல் தெறிக்க, ஒரு கையை மூடி உயரத் தூக்கினார். வாய் அசையவில்லை. முதலில் யெஸ்மி பார்த்தாள். பக்கத்தில் இருந்தவனைக் கிள்ளினாள். ஒவ்வொரு தலையாக மேசைக்கு வெளியே நீண்டது. அவர் இரண்டு விரலை வாசல் பக்கம் நீட்டினார். முன்னால் இருப்பவர் தோளில் கை வைத்துக்கொண்டு, ரயில் போல, வரிசை படிக்கட்டுக்குள் நகர்ந்தது.

அவர் முக்காலியிலிருந்து குதித்து வாசலுக்கு ஓடி, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். இருபத்திரண்டு வந்ததும் கை நிற்காமல் அடுத்த ஈரத் தலையையும் தொட்டுவிட்டது. கடைசிக் குழந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தது நோரா அம்மாள். அந்த அம்மாளும் உள்ளே போனார். அவருக்குப் பின்னால் தார்ப்பாய் கிழிந்து, ஒரு வண்டி ஆலங்கட்டி மேசைகள்மேல் கொட்டியது.

உள்ளே தலை துவட்டும்போது நோரா அம்மாள் வாராவைக் கூப்பிட்டு, கையை மூடிக்காட்டினால் என்ன அர்த்தம் என்று கேட்டார். "மாமா கத்துறாங்கன்னு அர்த்தம்" என்றாள் அவள். நனைந்த நோட்டில் அதை எழுதிக்கொண்டார். ஸ்டோர் ரூம் பேச்சு அதன்பின் எழவில்லை.

வெயில் வந்ததும் குழந்தைகள் மாடிக்கு ஓடின. நசுங்கிய ரொட்டிகளை யாரும் தேடவில்லை. லிம்பெர் அதற்குள் ஐஸ்கிரீம் கடை திறந்துவிட்டான். சோடாமூடியில் மூன்று ஆலங்கட்டிகளை வைத்து, முதல் போணி என்று சிரிலோவிடம் நீட்டினான். குளிர்ந்தது எதுவும் அந்தத் தொண்டைக்குள் போகக்கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. சிரிலோ வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். மூடியை வாங்கி அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக் கரைய விட்டார். பிறகு காலி மூடியை மறுபடி லிம்பெரிடம் நீட்டினார்.